வகுப்பறையில் ஓர் அமைச்சரவை

வெளிநாட்டுக் கொள்கை என்னும் பாடம் எமது உயர்தர வகுப்புகளில் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது என்பதை அறியாத ஆசிரியர் இலர். அணிசேராமை என்றால் என்ன, அதன் பண்புகள் எவை, எந்தப் பிரதமர் காலத்தில் நாடு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பன குறிப்புகளாக எழுதுவிக்கப்படுகின்றன. மாணவர் அவற்றை மனனஞ் செய்கின்றனர். பரீட்சை முடிந்த மறுவாரமே மறந்துவிடுகின்றனர். இவ்வாறு கற்ற பிள்ளையின் மனத்தில் எஞ்சி நிற்கும் எண்ணம் ஒன்றே: நாடுகளின் விதியைச் சில பெரிய மனிதர் தமது சுபாவத்துக்கேற்பத் தீர்மானிக்கின்றனர், ஏனையோர் அதன் விளைவை அனுபவிக்கின்றனர். வரலாற்றைப் பற்றி இதனினும் தவறான எண்ணம் இருத்தல் அரிது.

இக்குறையை நீக்குவதற்கென மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் முறையொன்று உண்டு. மாணவருக்கு ஒரு நெருக்கடியைக் கொடுத்து, ஒருவரைப் பிரதமராகவும் ஒருவரை நிதி அமைச்சராகவும் இன்னொருவரை அயல்நாட்டுத் தூதுவராகவும் அமர்த்தி, குறித்த நேரத்துள் ஒரு முடிவுக்கு வருமாறு பணிப்பதே அது. பாத்திரமேற்றுப் பயிலும் இம்முறை எமது நாட்டிலும் புகுந்துள்ளது. நகரத்துப் பெரிய பாடசாலைகளின் மாணவர் ஐக்கிய நாடுகள் சபையின் மாதிரிக் கூட்டங்களை நடத்துவதைக் காண்கிறோம். சப்ரகமுவ மாகாணத்தில், இறப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரமொன்றின் தமிழ்ப் பாடசாலையில் அரசறிவியல் கற்பிக்கும் நாமும் சில ஆண்டுகளாக இம்முறையைக் கையாண்டு வருகிறோம். அவ்வனுபவத்தில் கண்ட பயனையும், அதனுள் மறைந்துள்ள ஆபத்தையும் ஆசிரியரும் மாணவருமாகிய வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தக் கருவியையும் கையிலெடுக்குமுன் அது யாருடைய பட்டறையில் உருவானது என்று கேட்பது முற்போக்காளரின் கடன். பாத்திரமேற்றுப் பயிலுதலின் ஒரு வேர் போர்த் தொழிலில் உள்ளது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் வகுத்த போர் விளையாட்டு 1824ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படைத்தலைமைக்குக் காட்டப்பட்டு, அதிகாரிகளின் பயிற்சியாயிற்று. அதன் மறுவேர் சமாதான ஆசையில் உள்ளது. முதலாம் உலகப் போரின் பின், 1920களில், சர்வதேச சங்கத்தின் மாதிரிக் கூட்டங்களை அமெரிக்க மாணவர் நடத்தினர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் இவ்விரு வேர்களும் ஒன்றாகின. 1950களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவிலுள்ள ராண்ட் நிறுவனம், நாடுகளாகப் பிரிந்து ஆடும் அரசியல் ஆட்டங்களை நடத்தியது. அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹரல்ட் கெட்ஸ்கோ, நாடுகளிடையிலான உறவை ஆய்வுகூடத்தில் நடத்திப் பார்க்கும் முறையொன்றை வகுத்தார். பனிப்போர்க் காலத்தில், வல்லரசின் அறிவாலயங்களில் வளர்ந்த கருவி இது என்பதை நாம் மறத்தலாகாது.

அக்கருவி அதனைச் செய்தோருக்கே உண்மை சொன்ன சந்தர்ப்பமும் உண்டு. 1964ஆம் ஆண்டு ஏப்ரலிலும் செப்டம்பரிலும் அமெரிக்கப் படைத்தலைமை வாஷிங்டனில் சிக்மா என்னும் பெயரில் இரு ஆட்டங்களை நடத்தியது. வட வியட்நாம் மீது குண்டு பொழிந்தால் என்ன நிகழும் என்பதே கேள்வி. ஜனாதிபதியின் ஆலோசகர் மக்ஜோர்ஜ் பண்டி, விமானப்படைத் தளபதி கேர்ட்டிஸ் லமே முதலியோர் அவற்றில் பங்குபற்றினர். குண்டுவீச்சு வட வியட்நாமின் உறுதியைக் குலைக்காது, மாறாக அமெரிக்கா மேன்மேலும் படைகளை அனுப்ப வேண்டிய நிலைக்கு இழுபடும் என்பதே ஆட்டம் காட்டிய முடிவு. ஆயினும் 1965 மார்ச் 2ஆந் திகதி தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. அதே மாதம் 8ஆந் திகதி அமெரிக்கக் கடற்படைப் போர்வீரர் டா நாங் கரையில் இறங்கினர். பின்னர் நிகழ்ந்ததை உலகறியும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பன இரண்டு. விவேகமுள்ள மனிதர் விவேகமான ஆட்டத்தை ஆடி உண்மையைக் கண்டறிந்தாலும், அதிகாரத்தின் நலன் அவ்வுண்மைக்கு மாறாக இருக்குமிடத்து உண்மை அலுமாரிக்குட் போய்விடும் என்பது ஒன்று. மற்றது, அவ்வாட்டத்தில் வட வியட்நாமின் பாத்திரத்தை ஏற்றவரும் அமெரிக்க அதிகாரிகளே என்பது. குண்டு விழவிருந்த வயலை உழுதவனுக்கு அம்மேசையில் இடமில்லை. அவனது பெயராற் பேசுவதற்கு ஒரு பாத்திரமும் இல்லை.

வகுப்பறைகளில் அதிகம் ஆடப்படும் ஆட்டம் 1962 ஒக்டோபரின் கியூபா நெருக்கடி. மாணவர் ஜனாதிபதி கென்னடியின் ஆலோசகர்களாக அமர்ந்து, கடல் முற்றுகையா விமானத் தாக்குதலா என விவாதிப்பர். அழகான ஆட்டந்தான், உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்ற அந்நாட்களின் நடுக்கத்தை அது உணர்த்தும். ஆனால் எந்தத் தீவைப் பற்றிய விவாதமோ அத்தீவுக்கு அங்கு நாற்காலி இல்லை. மெய்யான வரலாற்றிலும் அவ்வாறே நடந்தது. ஒக்டோபர் 28ஆந் திகதி மொஸ்கோவும் வாஷிங்டனும் கண்ட உடன்பாடு கஸ்ட்ரோவைக் கேளாமலே காணப்பட்டது. செய்தி வெளியான பின்னரே அவர் அதனை அறிந்தார். சிறிய நாட்டின் பிள்ளைகள் பெரிய நாட்டின் ஜனாதிபதியாக நடித்துப் பழகி, தமது நாட்டை வரைபடத்து ஒரு புள்ளியாக நோக்கப் பழகுவார்களாயின், அக்கல்வியால் எமக்கு ஆவதென்ன?

எனவே நாம் எமது நாட்டின் வரலாற்றிலிருந்தே நெருக்கடியைத் தெரிந்தெடுத்தோம். 1952ஆம் ஆண்டின் இறப்பர்-அரிசி ஒப்பந்தமே முதலாவது ஆட்டம். எமது மாணவரிற் பெரும்பாலோரின் பாட்டன் பாட்டிமார் பால் வெட்டிய மரத்தைப் பற்றிய கதை அது. அன்றைய நிலைமையை நாம் அவர்களுக்கு இரண்டு பக்கங்களிற் சுருக்கி எழுதிக் கொடுத்தோம்.

கொரிய யுத்தம் 1950 ஜூனில் தொடங்கியதும் இறப்பரின் விலை ஏறிற்று. 1951இன் பின்னர் இறங்கிற்று. அதே காலத்தில் அரிசி உலகெங்கும் அருமையாகி அதன் விலை உயர்ந்தது. தனக்கு வேண்டிய அரிசியில் பெரும் பகுதியை இறக்குமதி செய்த இலங்கை, விற்கும் பொருள் மலியவும் வாங்கும் பொருள் ஏறவும் நடுவில் அகப்பட்டுத் தவித்தது. பங்கீட்டுக் கூப்பனுக்குக் கொத்து அரிசி 25 சதத்துக்கு வழங்கப்பட்டு வந்தது; 1952 மே மாதத் தேர்தலில் வென்ற டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கம் அவ்விலையைக் காப்பதாக வாக்களித்திருந்தது. அமெரிக்காவுடன் நடத்திய பேச்சுகள் பயன் தரவில்லை. சந்தை விலைக்கு மேல் இறப்பருக்குக் கொடுக்க அது இசையவில்லை. சீனாவோ சந்தை விலையிற் கூடிய விலைக்கு இறப்பரை வாங்கவும், அரிசி தரவும் முன்வந்தது.

ஆனாற் சீனாவுடன் வாணிபஞ் செய்வது இலகுவான காரியமன்று. போருக்குப் பயன்படும் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பலாகாதென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1951 மே 18ஆந் திகதி தீர்மானித்திருந்தது. இலங்கை அப்போது அச்சபையின் அங்கத்துவ நாடன்று. சோவியத் யூனியனின் இரத்து அதிகாரத்தால் தடைப்பட்டு, 1955 டிசம்பரிலேயே உட்புகுந்தது. அத்தகைய பொருள்களைக் கம்யூனிச நாடுகளுக்கு விற்கும் நாட்டுக்கு உதவி இல்லை என்று அமெரிக்கச் சட்டம் கூறிற்று. சீனாவை இலங்கை 1950இல் அங்கீகரித்திருந்ததாயினும், இரு நாடுகளுக்குமிடையே தூதுவர் உறவு 1957 வரை ஏற்படவில்லை. அரசாங்கமோ கம்யூனிச எதிர்ப்பைக் கொள்கையாக வரித்துக்கொண்ட ஐக்கிய தேசியக் கட்சியின் அரசாங்கம்.

இத்தனையும் தெரிந்த பின்னர் மாணவர் தத்தம் இடங்களில் அமர்ந்தனர். பிரதமரே வெளிவிவகாரத்துக்கும் பொறுப்பாக இருந்த காலமாதலின் அதற்கெனத் தனி அமைச்சர் இல்லை. பிரதமர், நிதி அமைச்சர், வர்த்தக அமைச்சர், உணவு அமைச்சர் ஆகிய நால்வரும் மேசையில். அமெரிக்கத் தூதுவரும் சீனப் பிரதிநிதியும் கடிதங்களுடன் வெளியே. இடதுசாரி எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், சிறு இறப்பர்த் தோட்டச் சொந்தக்காரர் ஒருவர், கூப்பன் புத்தகத்துடன் ஒரு தாய், தோட்ட லயத்திலிருந்து ஒரு தொழிலாளி. ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரக் குறிப்புக் கொடுத்தோம். அப்பாத்திரம் 1952 நவம்பரில் அறிந்திருக்கக் கூடியவை மட்டுமே அதில் இருந்தன. தொழிலாளியின் குறிப்பில் மேலும் இரு வரிகள் சேர்த்தோம்: உமக்கு வாக்குரிமை இல்லை, கேட்டால் மட்டும் பேசலாம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டில் தேர்தற் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தமும் அவ்விரு வரிகளையும் எழுதிவிட்டன. நாம் பார்த்து எழுதினோம், அவ்வளவே.

ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிடத்திலேயே பிரதமராக இருந்த மாணவன் எழுந்து, “சீனாவுடன் ஒப்பந்தம் செய்வோம், ஏகாதிபத்தியத்துக்கு அடிபணிய முடியாது” என்று முழங்கினான். வகுப்பு கைதட்டியது. நாம் அவனது பாத்திரக் குறிப்பை எடுத்து உரக்க வாசிக்கச் சொன்னோம். கம்யூனிசத்தை எதிர்த்துத் தேர்தலில் வென்றவர் நீர் என்று அதில் எழுதியிருந்தது. அவன் அமர்ந்தான். கடினமான வேலை அப்போதுதான் தொடங்கிற்று. வலதுசாரி அரசாங்கமொன்று, தனது கொள்கைக்கு மாறாக, தனது நேச வல்லரசின் எச்சரிக்கையை மீறி, ஏன் பீக்கிங்குக்குப் போயிற்று என்பதை இனி அவர்கள் பெருமிதத்தாலன்றிக் கணக்கினாற் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கண்டுபிடித்தார்கள். நிதி அமைச்சர் அந்நியச் செலாவணியைப் பற்றிப் பேசினார். உணவு அமைச்சர் களஞ்சியத்தைப் பற்றிப் பேசினார். சிறு தோட்டச் சொந்தக்காரர், விலை இன்னும் இறங்கினால் மரத்தைத் தறிக்க வேண்டியதுதான் என்றார். அமெரிக்கத் தூதுவரின் கடிதம் வந்தபோது சிறிது நேரம் அச்சம் நிலவியது. அப்போது கூப்பன் புத்தகம் வைத்திருந்த தாய், அடுத்த வாரம் தன் வீட்டில் என்ன சமைப்பதென்று கேட்டாள். அரசின் வெளிநாட்டுக் கொள்கை உள்நாட்டு அடுப்பில் வேகின்றது என்பதை நாம் கரும்பலகையில் எழுதியிருந்தால் அதுவும் ஒரு குறிப்பாகியிருக்கும். அப்பெண்பிள்ளையின் கேள்விக்குப் பிரதமர் விடை சொல்ல முடியாது விழித்ததைக் கண்ட பின்னர் எவரும் அதனை மறக்கவில்லை. எமது வகுப்பின் அமைச்சரவையும், மெய்யான அமைச்சரவை போலவே, ஒப்பந்தத்துக்கு இணங்கியது. 1952 டிசம்பர் 18ஆந் திகதி பீக்கிங்கில் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின்படி, ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி கிடைத்தது. பின்னர் அது மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் நீடித்தது.

ஆட்டம் முடிந்ததும் மீள்நோக்கு. எமது அனுபவத்தில் ஆட்டம் பாதிப் பாடம், மீள்நோக்கே மறுபாதி. ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்ல வேண்டும். தொழிலாளியின் பாத்திரத்தை ஏற்றிருந்தவள் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளை. அவள் எழுந்து சொன்னாள்: “சேர், இரண்டு பாடவேளையும் இருந்தேன். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கூப்பன் அம்மாவிடம் ஐந்து தரம் கேட்டார்கள். நான் எண்ணினேன்.”

வகுப்பில் அமைதி நிலவியது. ஏன் கேட்கவில்லை என்று அமைச்சர்களை வினவினோம். அவர்களிற் கெட்ட எண்ணமுடையோர் எவருமில்லை. அவர்களுட் பாதிப்பேர் தாமே லயத்துப் பிள்ளைகள். உணவு அமைச்சர் சற்று யோசித்து, “அந்த அம்மாவுக்கு வாக்கு இருந்தது, சேர்” என்றான். இவ்வொரு விடைக்காகவே அம்முறைக்கு நாம் நன்றியுடையோம். வாக்குள்ளவர் பக்கம் அமைச்சரின் முகம் திரும்புகின்றது; வாக்கில்லாதவரின் உழைப்பு ஒப்பந்தத்தில் தொன் கணக்காக இடம்பெறுகின்றது, அவர் இடம்பெறுவதில்லை. இறப்பர்த் தோட்டங்களிற் சிங்களக் கிராமத்தவரும் வேலை செய்தனர் என்பது உண்மை. ஆயினும் லயங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் பெருந்தொகையினர். பறிக்கப்பட்ட உரிமைக்காக இலங்கை இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் அதே 1952ஆம் ஆண்டின் ஏப்ரலிலேதான். அச்செய்தியை மீள்நோக்கின்போதே வெளிப்படுத்தினோம். முன்னரே சொல்லியிருந்தால் அமைச்சர்கள் மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள்.

அடுத்த வாரம் மற்றுமொரு தாளைக் கொடுத்தோம். ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஏழு மாதங்களில், 1953 ஜூலையில், அதே அரசாங்கம் கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடைபெற்றது. சுடப்பட்டு மக்கள் மாண்டனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் பதவி துறந்தார். “அரிசிதான் வந்ததே, சேர், பிறகேன் விலை ஏறியது?” என்று ஒரு மாணவன் கேட்டான். ஒப்பந்தம் அரிசியைத் துறைமுகம் வரை கொணர்ந்தது. துறைமுகத்திலிருந்து அடுப்பு வரையுள்ள வழியில் மானியம், வரவுசெலவுத் திட்டம், யாருடைய செலவைக் குறைப்பது என்னும் வர்க்கத் தீர்மானம் ஆகியன நின்றன. நல்ல வெளிநாட்டு ஒப்பந்தமொன்று நல்ல உள்நாட்டு ஆட்சிக்கு ஈடாகாது என்பதை அவ்வகுப்பு தானே உய்த்துணர்ந்தது.

இரண்டாவது ஆட்டத்துக்கு நாம் தெரிந்தது 1964ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி புதுடில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, நாடற்றவராக்கப்பட்ட 975,000 பேரின் விதியைத் தீர்மானித்தது. 525,000 பேரை இந்தியா ஏற்கும்; 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும்; எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசப்படும். பத்தாண்டுகள் கழித்து, 1974இல், அவர்களும் இரு கூறாகப் பங்கிடப்பட்டனர். இறப்பரையும் அரிசியையும் போல மனிதரும் தொகையாகி நின்றனர். அவர்களுடைய தலைவர்கள் கலந்தாலோசிக்கப்படவில்லை.

முற்போக்கு வாசகர்க்கு இங்கு உறைக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்றது லங்கா சமசமாஜக் கட்சி. 1964 ஜூனில் அக்கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. உடன்படிக்கை கைச்சாத்தான வேளையில் அதன் தலைவர் என். எம். பெரேரா நிதி அமைச்சர். ஆதலின் இவ்வாட்டத்தில் இடதுசாரி அமைச்சர் ஒருவரை மேசையில் அமர்த்தினோம். முதல் ஆட்டத்தில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து முழங்கிய மாணவனுக்கே அப்பாத்திரத்தைக் கொடுத்தோம். தொழிலாளியின் நாற்காலி இம்முறையும் இருந்தது. ஆனால் விதி ஒன்றை மாற்றினோம். அவள் ஒரேயொரு கேள்வி கேட்கலாம், தான் விரும்பிய ஒருவரிடம்.

அவள் பிரதமரிடம் கேட்கவில்லை. இந்தியத் தூதுவரிடமும் கேட்கவில்லை. இடதுசாரி அமைச்சரை நோக்கி, “நாற்பத்தெட்டில் எங்களுக்காகப் பேசினீர்களே ஐயா, இப்போது ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

அம்மாணவன் பாத்திரக் குறிப்பைப் புரட்டினான், பின் எம்மைப் பார்த்து, “சேர், இதற்கு என்ன பதில்?” என்றான். “குறிப்பில் இல்லை. நீரே சொல்லும்” என்றோம். நெடுநேரம் கழித்து அவன் சொன்னான்: அமைச்சரவையில் இருந்தால்தானே எதையாவது செய்யலாம்; வெளியேறினால் வலதுசாரிகள் வருவார்கள்; மூன்று இலட்சம் பேருக்காவது உரிமை கிடைக்கின்றதே. சொல்லிவிட்டு உடன்படிக்கைக்கு ஆதரவாகக் கையை உயர்த்தினான். மீள்நோக்கில் அவன் கூறியது இது: “ஒரு நல்ல மனிதன் எப்படி ஆம் என்கிறான் என்பது விளங்குகின்றது, சேர். விளங்கியபடியால் அது சரியென்று ஆகிவிடாது.”

கேள்வி கேட்டவள், தன் பாட்டியின் தமையன் குடும்பம் தலைமன்னாரிற் கப்பலேறிப் போனதென்றும், போன புதிதில் இரண்டு கடிதம் வந்ததென்றும், அப்புறம் ஒன்றும் வரவில்லையென்றும் சொன்னாள். வரலாற்றுப் புத்தகத்தின் 525,000 என்னும் எண்ணுள் அக்குடும்பமும் அடங்கும். இலங்கையில் எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர்வதற்கு 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் வேண்டியிருந்தன. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நோக்குதல் வேண்டும். ஆளுவோரின் ஆசனத்தில் அமர்ந்து சிந்திக்கப் பழகும் பிள்ளை, ஆளுவோருக்குப் பரிந்து பேசவும் பழகிவிடும் என்பது முதலாவது ஆட்சேபம். இது பலமான ஆட்சேபமே. சகலரையும் அமைச்சர்களாக்கும் ஆட்டம் அவ்வாறுதான் முடியும். முடிவெடுப்பவரின் நெருக்கடியை மட்டும் உணர்த்தும் ஆட்டம், அவருக்கு அனுதாபத்தைச் சேர்க்கும். அம்முடிவின் பாரத்தைச் சுமப்பவரையும் அதே அறையில் அமர்த்தும் ஆட்டம் அவரைக் கணக்குக் காட்டச் செய்யும். ஆபத்து முறையிலன்று, நாற்காலிகளின் தொகையில் உள்ளது. இதற்கு விலை உயர்ந்த உபகரணம் எதுவும் வேண்டியதில்லை. இன்னும் இரண்டு நாற்காலிகள் போதும்.

பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்பது இரண்டாவது. ஓர் ஆட்டத்துக்கும் மீள்நோக்குக்குமாக எமக்கு நான்கு பாடவேளைகள் செலவாயின. அந்நான்கிலும் குறிப்பு எழுதுவித்திருந்தால் இரண்டு அலகுகள் முடிந்திருக்கும் என்பது மெய். ஆனால், நவம்பர் மாதத்து அமைச்சரவையில் வாதிட்டவர்களுக்குப் பொதுச்சபைத் தீர்மானத்தின் ஆண்டையோ அரிசித் தொகையையோ நாம் பின்னர் மனனஞ் செய்விக்க வேண்டியிருக்கவில்லை. பயன்பட்ட எண் மறக்கப்படுவதில்லை.

மூன்றாவது, நாமே எமக்கு விதித்துக்கொண்ட வரம்பு. எல்லா நெருக்கடியையும் ஆட்டமாக்கலாகாது. 1987 ஜூலையின் இந்திய-இலங்கை உடன்படிக்கையை ஆடுவோமென மாணவர் சிலர் கேட்டனர். அரசறிவியலில் அதனினும் பொருத்தமான பொருள் கிடைப்பது அருமை. எனினும், அதன்பின் நிகழ்ந்தவற்றில் உறவினரை இழந்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருக்குமாயின், அவன் எதிரில் இன்னொருவன் படைத்தளபதியாக நடிப்பதைக் கல்வி என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அப்பொருளைப் படித்தும் விவாதித்தும் கற்பித்தோம், நடிப்பிக்கவில்லை. காலம் கடந்து, அழாமற் பேசக்கூடிய தூரம் ஏற்பட்ட பின்னரே ஒரு துயரம் ஆட்டத்துக்கு ஏற்றதாகும். அத்தூரம் எவ்வளவென்பது ஊருக்கு ஊர் வேறுபடும். அவ்வூர் ஆசிரியரே அறிவார்.

இம்முறையைக் கையாள விரும்பும் ஆசிரியத் தோழர்க்கு எமது அனுபவம் சொல்வது சிலவே. அயல்நாட்டு நெருக்கடியைக் கடன் வாங்குமுன் உள்நாட்டு நெருக்கடியைத் தேடுங்கள். 1956இன் பின்னர் திருகோணமலை, கட்டுநாயக்கா இராணுவத் தளங்களைப் பிரித்தானியரிடமிருந்து மீட்டதும், 1962 டிசம்பரில் இந்திய-சீன எல்லைப் போரைத் தணிக்க ஆறு அணிசேரா நாடுகள் கொழும்பிற் கூடியதும் நல்ல பொருள்கள். பாத்திரக் குறிப்பில் அன்று அறியப்பட்டிருந்ததை மட்டும் எழுதுங்கள். பின்னறிவு ஆட்டத்தைப் பொய்யாக்கும். இடதுசாரி மாணவனுக்கு வலதுசாரிப் பாத்திரத்தையும், பேசுபவனுக்குப் பேசக் கூடாத பாத்திரத்தையும் கொடுத்துப் பாருங்கள். முடிவு எதுவாயினும் வெற்றி தோல்வி கூறாதீர்கள். மீள்நோக்குக்கு ஆட்டத்தளவு நேரம் ஒதுக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டத்தைத் திட்டமிடும் இரவில் ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இம்முடிவின் செலவை யார் கொடுத்தார்? அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அன்று அவருக்குப் பேச்சு மறுக்கப்பட்டிருந்தால் வகுப்பிலும் மறுத்து, அந்த மறுப்பை மாணவர் தாமே காணும்வரை காத்திருங்கள். எமது மாணவருள் நாளை அமைச்சராவார் எவரேனும் உண்டோ நாம் அறியோம். ஆனால் அமைச்சர்கள் செய்யும் உடன்படிக்கைகளின் கீழ் வாழப்போகின்றவர் அவர்கள் யாவரும். அடுத்த உடன்படிக்கை எழுதப்படும்போது, அங்கு எங்களுக்கு நாற்காலி உண்டா என்று கேட்கத் தெரிந்தவராக அவர்கள் பாடசாலையை விட்டுச் செல்வார்களாயின், அரசறிவியல் ஆசிரியரின் பணி நிறைவேறிற்று எனலாம்.